அக்கா கொடுக்கலாமா, அண்ணன் கொடுக்கலாமா?

1968-ஆம் வருஷம். அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரத்து யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆண் கைக்குழந்தையைக் கொண்டு வந்தார்கள். பிறந்து ஐந்து மாதம்கூடச் சரியாக ஆகவில்லை. நோயை எதிர்க்கும் சக்தி அதற்குப் பிறவியிலேயே கிடையாது. நம் குழந்தைகளுக்கு நாலு நாளில் சரியாகிப் போகிற ஜலதோஷம்கூட அதற்கு எமன். அம்மா வழியாக வந்து ஆண் பிள்ளைகளையே பிடிக்கும் வியாதி அது. அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்பும் பல ஆண் குழந்தைகள் இப்படியே போயிருந்தன.

அந்தக் குழந்தைக்கு நாலு அக்காமார். டாக்டர் ராபர்ட் குட் என்பவரும் அவருடைய குழுவினரும் நாலு பேரின் ரத்தத்தையும் சோதித்தார்கள். ஒருத்தியின் ரத்தம் தம்பியோடு ஏறக்குறையப் பொருந்தி வந்தது. பள்ளிக்கூடம் போகிற சின்னப் பெண்! அவளுடைய எலும்புக்குள் இருந்து கொஞ்சம் மஜ்ஜை எடுத்துத் தம்பிக்குச் செலுத்தினார்கள். நடுவில் தம்பியின் ரத்த அணுக்கள் குறைந்து போய் எல்லோரும் கலங்கினார்கள். மறுபடியும் அதே அக்காவிடம் எடுத்துக் கொடுத்தார்கள். குழந்தை பிழைத்தது, வளர்ந்து பெரியவனும் ஆயிற்று. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையின் முதல் வெற்றிகளில் ஒன்று என்று இன்றைக்கும் மருத்துவப் புத்தகங்களில் இது இடம் பெறுகிறது.

அக்காவின் மஜ்ஜை தம்பிக்குள் வேர் பிடித்துவிட்டது என்று டாக்டர்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள் தெரியுமா? தம்பியின் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தபோது அதில் பெண்ணின் அணுக்கள் இருந்தன! ஆண் பிள்ளையின் எலும்புக்குள் பெண் அணுக்கள்!

"அடேயப்பா, அப்படியானால் ஆண், பெண் என்ற பேதமே இதில் கிடையாதா?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? பேதம் உண்டு. ஆனால் வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிற மாதிரியான பேதம் வேறு, டாக்டர்கள் கணக்கில் வைக்கிற பேதம் வேறு. லுகீமியா என்கிற ரத்தப் புற்றுநோய், தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா போன்ற வியாதிகளுக்கு இன்று இந்தச் சிகிச்சை நம் நாட்டிலேயே நடக்கிறது. மும்பை டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் 1983-லும், நம் வேலூர் சி.எம்.சி.யில் 1986-லும் தொடங்கிவிட்டார்கள். ஆகவே, "யார் கொடுப்பது?" என்ற கேள்வி எந்த வீட்டுக் கூடத்திலும் எழலாம். அன்றைக்குப் பதறாமல் இருக்க, இப்போதே விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

உறை ஊற்றுகிற மாதிரிதான்!

நம் எலும்புகளின் உள்ளே, முக்கியமாக இடுப்பு எலும்பில், மஜ்ஜை இருக்கிறது. ரத்தத்தின் சிவப்பு அணு, வெள்ளை அணு, தட்டணு எல்லாம் அங்கேதான் உற்பத்தி. உற்பத்தி செய்கிற மூலத்துக்குத்தான் ஸ்டெம் செல் என்று பெயர். தாய்ச் செல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு தாய்ச் செல் பெருகிப் பெருகி எல்லா ரத்த அணுக்களையும் பெற்றுப் போடுகிறது.

தயிர் புளித்துக் கெட்டுப் போனால் என்ன செய்கிறோம்? பாத்திரத்தைச் சுத்தமாகக் கழுவிப் புதுப் பாலைக் காய்ச்சி, அடுத்த வீட்டிலிருந்து ஒரு கரண்டி நல்ல தயிர் வாங்கி உறை ஊற்றுகிறோம். விடிந்தால் பாத்திரம் நிறையத் தயிர். மஜ்ஜை மாற்றும் அப்படித்தான். நோயாளியின் கெட்டுப் போன மஜ்ஜையைக் கடுமையான மருந்துகளால், சில சமயம் கதிர்வீச்சும் சேர்த்து, ஒடுக்கிவிடுகிறார்கள். பிறகு தானம் கொடுப்பவரின் தாய்ச் செல்களை, ரத்தம் ஏற்றுவது போலவே நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் போய்க் குடியேறி, இரண்டு மூன்று வாரத்தில் வேலையைத் தொடங்குகின்றன. ஆபரேஷன், தையல் எதுவும் நோயாளிக்குக் கிடையாது.

ஆனால் யார் வீட்டுத் தயிரை வேண்டுமானாலும் வாங்கிவிட முடியாது. பொருத்தம் பார்க்க வேண்டும். அதற்கு எச்.எல்.ஏ. பொருத்தம் என்று பெயர். ரத்த குரூப் வேறு, இது வேறு. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்று ஒவ்வொரு குழந்தைக்கும் வந்து சேருகிறது. அப்பாவிடம் இரண்டு சீட்டு, அம்மாவிடம் இரண்டு சீட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு சீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். கூடப் பிறந்தவர் ஒருவருக்கும் அதே இரண்டு சீட்டு விழ நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. மூன்று உடன்பிறப்புகள் இருந்தால்கூட, அவர்களில் ஒருவராவது முழுசாகப் பொருந்த 100-க்கு 58 வாய்ப்புத்தான். அண்ணனுக்குத்தான் பொருந்த வேண்டும், தங்கைக்குத்தான் பொருந்த வேண்டும் என்று அதில் விதி இல்லை. எச்.எல்.ஏ. சீட்டு ஒரு குரோமோசோமில் இருக்கிறது. ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிற சீட்டு வேறொரு குரோமோசோமில் இருக்கிறது.

கஷ்டமே இங்கேதான் தொடங்குகிறது. எச்.எல்.ஏ. முழுசாகப் பொருந்திய அக்காவும் தம்பியும்கூட ஒரு விஷயத்தில் வேறுபடுகிறார்கள். அக்காவுக்கு இரண்டு எக்ஸ். தம்பிக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய்.

அறியாத முகத்தைக் கண்ட காவல்காரி

சிறுநீரகம் மாற்றினால் என்ன பயம்? நம் உடம்பு புதுச் சிறுநீரகத்தை அந்நியன் என்று விரட்டிவிடுமோ என்ற பயம். மஜ்ஜை மாற்றில் பயம் இரட்டிப்பு. ஏனென்றால், உடம்பின் காவல்காரர்களான வெள்ளை அணுக்களே மஜ்ஜையில்தான் பிறக்கிறார்கள். மஜ்ஜையை மாற்றினால் வீட்டின் காவலையே மாற்றியதாகிறது. பழைய காவல்காரர்கள் மிச்சமிருந்தால், புதிதாக வருகிறவர்களை உள்ளே விடாமல் துரத்தலாம். வந்து சேர்ந்த புதுக் காவல்காரர்களோ, வீட்டு மனிதர்களையே திருடர்கள் என்று நினைத்துக் கம்பை ஓங்கலாம். இந்த இரண்டாவது சண்டைக்கு டாக்டர்கள் ஜி.வி.எச்.டி. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தோல், வாய், கண், குடல், கல்லீரல், நுரையீரல் என்று எங்கே வேண்டுமானாலும் அது வேலையைக் காட்டும்.

பெண்களே வசிக்கும் விடுதியில் பிறந்து வளர்ந்த ஒரு காவல்காரியை, ஆண்கள் இருக்கும் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? ஆண் முகத்தையே பார்த்தறியாதவள் அவள். "யாரடா நீ?" என்று கம்பை எடுக்க மாட்டாளா? அக்காவின் மஜ்ஜை தம்பிக்குள் போனதும் நடக்கக்கூடியது இதுதான். தம்பியின் அணுக்களில் ஒய் குரோமோசோம் தயாரிக்கிற சில புரதங்கள் இருக்கின்றன. அக்காவின் உடம்பில் அவை கிடையாது. ஆகவே அவளுடைய வெள்ளை அணுக்களுக்கு அவை அந்நியம்.

மாறாக, ஆணின் மஜ்ஜை பெண்ணுக்குப் போனால் அவ்வளவு பிரச்சினை இல்லை. ஆணிடமும் ஒரு எக்ஸ் இருக்கிறதே! பெண்ணின் அணுக்களைப் பார்த்து அவன் திகைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வேறு ஒரு ஆபத்து உண்டு. அதைக் கண்டுபிடித்த கதையைக் கேளுங்கள்.

எலியில் தொடங்கி லெய்டன் வரை

1955-இல் அமெரிக்காவில் எய்க்வால்ட், சில்ம்சர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எலிகளுக்குத் தோல் ஒட்டிப் பார்த்தார்கள். அச்சில் வார்த்தது போல ஒரே வம்சத்து எலிகள் அவை. ஒன்றின் தோல் இன்னொன்றுக்கு ஒட்டாமல் போகவே கூடாது. பெண்ணின் தோல் ஆணுக்கு ஒட்டியது. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் ஒட்டியது. ஆணின் தோலைப் பெண் எலிக்கு ஒட்டியபோது மட்டும் உதிர்ந்து போயிற்று! ஒய் குரோமோசோம்தான் காரணம் என்று ஊகிக்கப்பட்டது, அந்த அடையாளத்துக்குப் பின்னால் எச்-ஒய் என்று பெயர் வந்தது.

எலிக்குச் சரி, மனுஷர்களுக்கு? ஹாலந்து தேசத்தில் லெய்டன் நகரத்து யூனிவர்சிட்டியில் அதற்குப் பதில் கிடைத்தது. ஏபிளாஸ்டிக் அனீமியா வந்த ஒரு பெண்மணி. மஜ்ஜை வற்றிப் போய் ரத்தமே ஊறாத வியாதி அது. பல தடவை ரத்தம் ஏற்றியிருந்தார்கள். எச்.எல்.ஏ. முழுசாகப் பொருந்திய அவளுடைய சகோதரன் மஜ்ஜை கொடுத்தான். எல்லாம் சரியாக இருந்தும் அவள் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை, தள்ளிவிட்டது. ஏன்?

எல்ஸ் கூல்மி என்ற பெண் விஞ்ஞானி அவளுடைய வெள்ளை அணுக்களைச் சோதனைச்சாலையில் வைத்து ஆராய்ந்தார். அவை சகோதரனின் அணுக்களைக் கொன்றன. குறிப்பிட்ட ஒரு எச்.எல்.ஏ. வகை உள்ள மற்ற ஆண்களின் அணுக்களையும் கொன்றன. பெண்களின் அணுக்களைத் தொடவே இல்லை! 1976-இல் இந்தச் செய்தி வெளியானது. எலியில் பார்த்த எச்-ஒய் மனுஷர்களிடமும் உண்டு என்பது ருசுவாயிற்று. 1995-இல் அந்த ஆண் அடையாளங்களில் ஒன்று எந்தப் புரதத்திலிருந்து வருகிறது என்பதையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஏபிளாஸ்டிக் அனீமியா, தலசீமியா போன்ற வியாதி உள்ளவருக்கு ரத்தம் தேவை என்றதும், "நான் கொடுக்கிறேன், நான் கொடுக்கிறேன்" என்று அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அப்பா அம்மா எல்லோரும் ஓடுவது நம் வழக்கம். நல்ல மனசுதான். ஆனால் பின்னால் மஜ்ஜை கொடுக்கப் போகிறவரின் ரத்தத்தை முன்னாலேயே ஏற்றிவிட்டால், நோயாளியின் உடம்பு அவருடைய அடையாளங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, மஜ்ஜை வரும்போது விரட்டத் தயாராக நிற்கும். மஜ்ஜை மாற்று செய்ய வாய்ப்பிருக்கிறது என்று டாக்டர் சொன்னால், குடும்பத்தார் ரத்தம் கொடுக்கும் முன் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரத்த வங்கியில் வாங்கிக்கொள்ளச் சொல்வார்.

பிள்ளை பெற்றவளின் உடம்பு மறப்பதில்லை

இப்போது தாய்மார்களுக்கு மனசைத் தொடுகிற ஒரு விஷயம். ஆண் குழந்தையைச் சுமக்கும்போது, அதன் அணுக்கள் கொஞ்சம் நஞ்சுக்கொடியைத் தாண்டி அம்மாவின் ரத்தத்துக்கு வந்து சேருகின்றன. பிரசவத்தோடு அவை எல்லாம் மறைந்து போகும் என்றுதான் வெகு நாள் நினைத்திருந்தார்கள். 1996-இல் அமெரிக்காவில் டயானா பியாங்கி என்ற பெண் டாக்டரும் அவர் குழுவினரும் தாய்மார்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, பிள்ளை பெற்று 27 வருஷம் ஆன ஒரு தாயின் ரத்தத்தில்கூட ஆண் அணு இருந்தது! மகன் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய ஒரு துளி இன்னும் அம்மாவுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் பிள்ளை பெற்றவளின் வெள்ளை அணுக்களுக்கு ஒய் அடையாளம் ஏற்கெனவே பரிச்சயம். அப்பாவிடமிருந்து குழந்தைக்கு வந்த மற்ற அடையாளங்களும்தான். சில பெண்களிடம் அந்தப் பரிச்சயம் எதிர்ப்பாகவும் நிலைத்துவிடுகிறது. உடன்பிறந்தவர்களுக்கிடையே நடந்த மாற்றுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான அறிக்கை ஒன்று, குழந்தை பெற்ற சகோதரி கொடுக்கும்போது, வாங்குவது ஆணானாலும் பெண்ணானாலும், நாள்பட்ட ஜி.வி.எச்.டி. சற்று அதிகம் என்று சொல்லுகிறது.

"அப்படியானால் பிள்ளை பெற்ற அக்கா கொடுக்கவே கூடாதா?" அவசரப்பட வேண்டாம். கணக்கை முழுசாகப் பார்த்துவிடுவோம்.

கெட்டதிலும் ஒரு நல்லது

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஃபிரெட் ஹட்சின்சன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மஜ்ஜை மாற்றுக்காக 1990-இல் நோபல் பரிசு வாங்கிய டாக்டர் டோனல் தாமஸ் வேலை செய்த இடம். அங்கே பொருத்தமான உறவினரிடமிருந்து மஜ்ஜை பெற்ற 3,200-க்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களை அலசி 2004-இல் வெளியிட்டார்கள். பெண்ணிடமிருந்து பெற்ற ஆண்களுக்கு ஜி.வி.எச்.டி. மற்ற ஜோடிகளைவிட அதிகம். இது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதே ஆண்களுக்குத்தான் புற்றுநோய் திரும்பி வருவது எல்லோரையும்விடக் குறைவு!

காரணம் புரிகிறதா? தம்பியின் லுகீமியா அணுக்களும் ஆண் அணுக்கள்தானே! கம்பை ஓங்கிய காவல்காரி, வீட்டில் ஒளிந்திருந்த நிஜத் திருடனையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறாள். ரத்தப் புற்றுநோயில் அக்காவின் மஜ்ஜைக்கு இந்த லாபம் உண்டு. தலசீமியாவிலும் ஏபிளாஸ்டிக் அனீமியாவிலும் ஒளிந்திருக்கும் திருடன் யாரும் இல்லை. அங்கே ஜி.வி.எச்.டி. வெறும் நஷ்டம். ஆகவே அந்த வியாதிகளில், பொருத்தமானவர் இரண்டு பேர் இருந்தால், டாக்டர்கள் கொஞ்சம் கூடுதலாக யோசித்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

எவ்வளவு பெரிய ஆபத்து இது? ஐரோப்பாவில் டாக்டர் கிராட்வோல் என்பவரும் அவருடைய சகாக்களும் 1998-இல் நாள்பட்ட மைலாய்ட் லுகீமியாவுக்கு ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். மதிப்பெண் கூடினால் ஆபத்து கூடுதல் என்று அர்த்தம். நோயாளிக்கு 20 முதல் 40 வயது என்றால் 1, அதற்கு மேல் 2. வியாதி முற்றியிருந்தால் 2 வரை. கண்டுபிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் தாமதித்தால் 1. உறவில்லாத வெளியார் கொடுத்தால் 1. பெண் கொடுத்து ஆண் வாங்கினால் 1. ஆக மொத்தம் 7.

இதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். முழுசாகப் பொருந்திய அக்காவை, "பொம்பளைப் பிள்ளை வேண்டாம்" என்று ஒதுக்கிவிட்டு வெளியிலிருந்து ஒரு ஆணைத் தேடிப் பிடித்தால், 1 போய் 1 வருகிறது. லாபம் ஒன்றுமில்லை. தேடுவதிலேயே ஒரு வருஷம் ஓடிவிட்டால் இன்னொரு 1 ஏறுகிறது. அதற்குள் வியாதி முற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம்! இன்று மருந்துகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும் அந்தக் கணக்கின் நியாயம் மாறவில்லை. முதலில் பொருத்தம். பிறகு வியாதியின் நிலை, காலம், கொடுப்பவரின் வயது, அவருடைய ஆரோக்கியம். ஒரே அளவு பொருந்தியவர் இரண்டு பேர் கிடைக்கிற அதிர்ஷ்டசாலி வீட்டில்தான், ஆணா பெண்ணா, குழந்தை பெற்றவரா என்ற கேள்வி தராசு முள்ளை அசைக்கும்.

ஜி.வி.எச்.டி.யைத் தடுக்கவும் இன்று நல்ல வழிகள் வந்திருக்கின்றன. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வளர்த்தெடுத்த ஒரு முறையில், மஜ்ஜை ஏற்றிய மூன்றாம் நாளும் நாலாம் நாளும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். சண்டைக்குக் கிளம்பும் காவல்காரர்களை அது முளையிலேயே அடக்கிவிடுகிறது. தாய்ச் செல்களுக்குச் சேதம் இல்லை. பாதி மட்டும் பொருந்தியவர்கள்கூட இன்று தானம் கொடுக்க முடிவது பெரும்பாலும் இதனால்தான்.

வீட்டில் எழும் கேள்விகள்

"பெண்ணோட மஜ்ஜையை வச்சா, பையன் பெண் மாதிரி ஆயிடுவானா?"

மாட்டான். அவனுடைய ரத்தத்தைச் சோதித்தால் பெண் அணு தெரியும், வாஸ்தவம். இரண்டு பேரின் ரத்த குரூப் வேறாக இருந்தால், அவன் குரூப் நாளடைவில் அக்காவின் குரூப்பாக மாறும். ஆனால் மீசை, குரல், ஆண்மை எல்லாம் ரத்தத்திலிருந்து வருவதில்லை. அதற்கான சுரப்பிகள் அவனுடையவை. அண்ணனிடம் வாங்கிய தங்கைக்கும் அப்படியே. ஒன்று மட்டும்: மாற்றுக்கு முன் கொடுக்கும் கடுமையான மருந்தால் நோயாளிக்குப் பின்னால் குழந்தை பிறப்பது தடைப்படலாம். அது தானம் கொடுத்தவரால் வருவதல்ல. அதைப்பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

"கொடுக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் ஆகணுமே, பின்னால் கெடுதல் வருமா?"

இந்தப் பயத்தால் எத்தனையோ அம்மாக்கள் பெண்ணைத் தடுக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்து, இடுப்பு எலும்பின் பின்பக்கம் ஊசி மூலம் மஜ்ஜையை எடுப்பார்கள். கர்ப்பப்பை, சினைப்பை எதையும் தொடுவதில்லை. சில நாள் இடுப்பு வலி இருக்கும். எடுத்த அளவு சில வாரங்களில் தானே ஊறிவிடும். இன்னொரு முறையில், நாலைந்து நாள் ஊசி போட்டுத் தாய்ச் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, மெஷின் வழியாகப் பிரித்தெடுப்பார்கள். அந்த நாட்களில் எலும்பு வலி, தலைவலி இருக்கலாம். மயக்க மருந்தோ ஊசியோ எதுவானாலும் கொஞ்சம் அபாயம் உண்டு என்பதால்தான், கொடுப்பவரைத் தனியாகப் பரிசோதிக்கிறார்கள். கர்ப்பிணிகள் கொடுக்கக் கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"அம்மா நான் இருக்கிறேனே, நான் கொடுக்கக் கூடாதா?"

அம்மாவும் அப்பாவும் பொதுவாகப் பாதிதான் பொருந்துவார்கள். பாதிப் பொருத்தத்தில் அம்மா மேலா, அப்பா மேலா என்பது சிகிச்சை முறையைப் பொறுத்தது. வெள்ளை அணுக்களைப் பெரும்பாலும் நீக்கிவிட்டுச் செலுத்தும் முறையில் அம்மா கொடுத்தவர்கள் நன்றாக இருந்தார்கள் என்று ஐரோப்பாவில் 2008-இல் எழுதினார்கள். அப்படி நீக்காத முறையைக் கையாளும் பீஜிங் டாக்டர்கள், அப்பாவே மேல் என்று 2014-இல் எழுதினார்கள். ஆகவே உங்கள் டாக்டர் அப்பாவைத் தேர்ந்தெடுத்தால், "என் பிள்ளைக்கு நான் உதவாமல் போனேனே" என்று அழ வேண்டாம்.

"என் ரத்தம்தான் அவனுக்கு ஒத்துக்கலையா?"

மஜ்ஜை கொடுத்த அக்காவோ தங்கையோ வாய்விட்டுக் கேட்காமல் மனசுக்குள் புழுங்குகிற கேள்வி இது. தம்பிக்குத் தோல் உரிகிறது, வாயெல்லாம் புண், சாப்பிட முடியவில்லை. பார்க்க வருகிறவர்கள், "அவ கொடுத்ததாலதான் இப்படி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு சொல் அவளை வருஷக்கணக்கில் அறுக்கும். தயவுசெய்து யாரும் அப்படிச் சொல்லாதீர்கள், சொல்ல விடாதீர்கள். ஆண் ஆணுக்குக் கொடுத்தாலும் இந்தச் சண்டை வரும். அவள் கொடுத்திராவிட்டால், சண்டை போட அந்தத் தம்பியே இருந்திருக்க மாட்டான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கவனிப்பது பெரும்பாலும் நாம்தான். ஆகவே இவற்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், காது, முகம் ஆகிய இடங்களில் சிவப்புத் தடிப்பு வருகிறதா? அடிக்கடி பேதி ஆகிறதா? கண் மஞ்சளாகத் தெரிகிறதா? சில மாதங்கள் கழித்துக் கண் வறண்டு உறுத்துகிறதா? வாய்ப்புண், காரமே தாங்காத நாக்கு, தோல் இறுகுவது, மூச்சு வாங்குவது இருக்கிறதா? இவற்றில் எது தெரிந்தாலும் கைவைத்தியம் பண்ணிக்கொண்டு காத்திராமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். ஜுரம் வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் கூப்பிடுங்கள். வெயில் படுவது தோலில் ஜி.வி.எச்.டி.யைக் கிளப்பிவிடும், குடை, முழுக்கைச் சட்டை அவசியம். "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். புது மஜ்ஜைக்குப் பழைய தடுப்பூசிகள் ஞாபகம் இராது என்பதால், சின்ன வயசில் போட்டவற்றை டாக்டர் சொல்கிற காலத்தில் மறுபடி போட வேண்டியிருக்கும்.

மின்னியாபொலிஸ் ஆஸ்பத்திரியில் அன்றைக்குத் தம்பிக்காகப் படுத்துக்கொண்ட அந்தச் சின்னப் பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். ஆண், பெண் கணக்கெல்லாம் எழுதப்படாத காலம் அது. நாலு அக்காமாரில் அவள்தான் பொருந்தினாள், கொடுத்தாள். இன்றைக்கு டாக்டர்கள் கையில் கணக்கு இருக்கிறது. அது வேண்டும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வேண்டும். "எத்தனை பேர் பொருந்தினார்கள்? எங்கள் வியாதிக்கு யார் கொடுப்பது நல்லது? ஜி.வி.எச்.டி.யைத் தடுக்க என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று இந்த மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். ஆனால் பொருந்திய ஒருத்தி வீட்டிலேயே இருக்கும்போது, பெண் என்பதற்காக மட்டும் அவளை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.